வீட்டுக்குள்ளிருந்து பார்த்த வானம்

1937-இல் அயர்லாந்தின் ஊர்ப்புறப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பாடம் அடியோடு மாறியது. வழக்கமான தலைப்புகளை ஒதுக்கிவிட்டு, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற தாத்தா பாட்டிகளிடம் பழைய விஷயங்களைக் கேட்டு வந்து எழுதச் சொன்னார்கள். எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு ஆசிரியர்களிடம் ஒரு சிறு கையேடு இருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகக் கேள்விகள். புதையல் கதைகள், மூலிகை மருத்துவம், வெண்ணெய் கடைவது, பேய்க் கதை, வானிலைக் குறிகள், ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் என்று எல்லாம் அதில் உண்டு.

இரண்டாண்டு முன்பு, 1935-இல், அரசு ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அமைத்திருந்தது. ஷேமஸ் ஓ டுலேர்கா அதன் இயக்குநர், கையேட்டைத் தயாரித்தவர் ஷான் ஓ சூலாவான். கையில் பணமும் ஆளும் குறைவு. கேட்டு எழுத வேண்டியவர்களோ வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளை இறக்கிவிடும் யோசனை அப்படித்தான் வந்தது. 1939 வரை, 26 கவுன்டிகளில் (மாவட்டங்களில்) சுமார் 5,000 பள்ளிகள், 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 7,40,000 பக்கங்கள். இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் காப்பகத்தில் இருக்கின்றன. ஆணையத்தின் மொத்தத் தொகுப்பையும் 2017-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பக்கங்களைப் படம் பிடித்து இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள். விருப்பமுள்ள யாரும் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து கொடுக்கலாம்.

அயர்லாந்தின் மேற்குக் கரை நகரமான கால்வேக்குக் குடிவந்த பிறகு நானும் அந்த வேலையில் சேர்ந்தேன். இரவு சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ஒரு பக்கம் இரண்டு பக்கம். கட்டைப் பேனாவில் தொட்டு எழுதிய எழுத்து. வரி தொடங்கும்போது மை கனமாக இருக்கும், போகப் போக மெலியும், மறுபடி தொட்ட இடத்தில் ஒரு சொட்டு விழுந்திருக்கும். முற்றுப்புள்ளி வைக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது. கீழே யாரிடம் கேட்டது, அவருக்கு என்ன வயது என்று ஒரு குறிப்பு. எழுபது, எண்பது என்று வயதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கணக்குப் போடும்: இந்த மனிதர் 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்துக்குப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் பிறந்தவர்.

வானிலைப் பக்கங்கள் எனக்கு முதலில் பிடித்துப்போனவை. பள்ளிக்குப் பள்ளி, ஊருக்கு ஊர் அதே குறிகள் திரும்பத் திரும்ப வரும், ஆனால் சலிக்காது. தகைவிலான் குருவி தரையோடு தரையாகப் பறந்தால் மழை. கடற்காகங்கள் வயல்வெளிக்கு ஏறி வந்தால் கடலில் புயல். புகைபோக்கியிலிருந்து கரி பொலபொலவென்று உதிர்ந்தால் மழை. அடுப்பில் தீ நீலமாக எரிந்தால் காற்று. பூனை அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் மழை, நாய் புல்லைத் தின்றாலும் மழை. தரையில் பாவிய கல் வியர்த்தால், சுவர்க்கோழி ஓயாமல் கத்தினால், நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் எல்லாவற்றுக்கும் மழைதான். ராபின் குருவி வாசல்படி வரை வந்து நின்றால் கடும் பனி. புகை நேராக மேலே போனால் நல்ல நாள். நல்ல நாளுக்கான குறிகள் எண்ணிக்கையில் குறைவு, அந்த நாட்டின் நல்ல நாட்களைப் போலவே.

இவை வெறும் அலங்காரம் கிடையாது. புல்லை அறுத்துப் போட்டுவிட்டால் காய்ந்து குவிக்கும் வரை நாலைந்து நாள் வெயில் வேண்டும். அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிப்போட்ட டர்ஃப் என்னும் கரிமண் கட்டிகள் காயாவிட்டால் குளிர்காலம் முழுக்க அடுப்பில் புகைதான் மிஞ்சும். மேற்குக் கரையில் தார் பூசிய கேன்வாஸ் படகில் மீன்பிடிக்கப் போகிறவனுக்கு வானத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் உயிரே போகும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்து கால்வே நகரத்துக்கு வேலைக்கு வந்தவர். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கிளேர் கவுன்டியின் பர்ரன் மலைகள். சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, மரமே இல்லாத மொட்டை மலை. சில காலைகளில் அவை கைநீட்டினால் தொடலாம் போல் வந்து நிற்கும், பாறையின் படிவரிசை கூடத் தெரியும். அப்படி ஒரு காலையில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மலை கிட்ட வந்துடுச்சும்மா, துணியை உள்ளே போட்டுடு" என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. இங்கே எல்லோரும் சொல்லுகிற பேச்சு ஒன்று உண்டு: கிளேர் தெரிந்தால் மழை வரப்போகிறது, தெரியாவிட்டால் மழை பெய்துகொண்டிருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற காற்றில் தூசு குறைவு, அதனால் தூரத்து மலை துல்லியமாகத் தெரியும். மழையைக் கொண்டுவருவதும் அதே காற்றுதான். நிலாவைச் சுற்றிய வட்டத்துக்கும் காரணம் உண்டு. மழையைக் கொண்டுவரும் மேகக்கூட்டத்துக்கு முன்னால் மிக உயரத்தில் பனித்துகள் நிறைந்த மெல்லிய மேகம் பரவும், அதில் ஒளி வளைவதால் வட்டம் தெரிகிறது. கல் வியர்ப்பது, ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு நீராவதால். பூனைக்கு மட்டும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை, ஆனாலும் பூனையைப் பார்ப்பதை நான் விடவில்லை.

நாள் கணக்கும் உண்டு. பிப்ரவரி 1 புனித பிரிஜிட்டின் நாள். என் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் நன்றாயிருக்கும் என்று அவள் வாக்குக் கொடுத்தாளாம். மார்ச் 17 பேட்ரிக்கின் நாள், அன்றிலிருந்து எல்லா நாளும் நன்றாயிருக்கும் என்பது அவர் வாக்கு. அவர் கல்லைச் சூடான பக்கம் மேலாகத் திருப்பிவைக்கிறார் என்பார்கள். வாக்கை மீறி ஏப்ரல் தொடக்கத்தில் குளிர் வந்து அடித்தால், அதற்கும் கதை இருக்கிறது. ஒரு கிழட்டு வரிப்பசு, மார்ச்சால் கூட என்னைக் கொல்ல முடியவில்லை என்று வாலைத் தூக்கிக்கொண்டு பெருமையடித்தது. மார்ச்சுக்குக் கோபம் வந்து ஏப்ரலிடம் சில நாட்களைக் கடன் வாங்கி, அந்தப் பசுவைக் கொன்று தோலை உரித்துவிட்டது. அந்தக் கடன் நாட்களைத்தான் வரிப்பசுவின் நாட்கள் என்கிறார்கள். வைக்கோல் தீர்ந்து, புல் இன்னும் முளைக்காத நாட்கள் அவை. மெலிந்த மாடுகள் உண்மையிலேயே அப்போதுதான் செத்தன.

எந்தக் குறியும் காட்டாமல் வந்ததாக மக்கள் சொன்ன காற்று ஒன்று உண்டு: 1839 ஜனவரி 6, பெருங்காற்று இரவு. முந்தின நாள் பனி பெய்து, அன்று பகலில் காற்றே இல்லாமல் விபரீதமாக வெதுவெதுப்பாக இருந்ததாம். நள்ளிரவுக்குள் கூரைகள் பறந்தன, டப்ளினில் நாலில் ஒரு வீடு சேதம், நாடு முழுக்க ஏறக்குறைய 250 முதல் 300 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். அயர்லாந்தின் தேவதைகள் எல்லாம் அன்று இரவோடு நாட்டை விட்டுப் போய்விட்டன என்று ஒரு பேச்சு. 1909-இல் 70 வயது ஆனவர்களுக்கு முதன்முதலாக ஓய்வூதியம் வந்தபோது, பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியிருந்ததால் கிழவர்களிடம் வயதுக்குச் சான்று இல்லை. பெருங்காற்று ஞாபகம் இருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டார்கள். அன்றிரவு நான் கையில் உருளைக்கிழங்கு பிடித்துத் தின்னும் வயது என்று ஊர் ஊராகச் சொன்னார்களாம்.

1936 டிசம்பரில் அயர்லாந்தின் வானிலைச் சேவை தொடங்கியது. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களுக்காக. ஷானன் ஆற்று முகத்தில் ஃபாய்ன்ஸ் என்ற ஊருக்கு 1937 ஜூலையில் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் சோதனைப் பறக்கும் படகு, அதாவது நீரில் இறங்கும் விமானம், வந்திறங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிள்ளைகள் பூனையையும் கரியையும் பற்றி எழுத உட்கார்ந்தார்கள். ஒரே நாட்டில் ஒரே சமயத்தில் வானத்தைப் படிக்க இரண்டு பள்ளிக்கூடங்கள்.

இனி அந்த இன்னொரு தலைப்பு. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களைப் பற்றிய கேள்விகளைப் பாருங்கள். இன்னும் உங்கள் வீட்டுக்கு வருகிறார்களா? வருஷா வருஷம் அதே ஆட்களா? என்ன விற்கிறார்கள்? எங்கே தூங்குகிறார்கள்? நடந்தா, வண்டியிலா? எந்தப் பருவத்தில் வருவார்கள்? கதை சொல்வார்களா, சேதி கொண்டுவருவார்களா? பிள்ளைகள் பொறுப்பாகப் பதில் எழுதினார்கள். ஒருகாலத்தில் சாலையில் பலவகை மனிதர்கள் இருந்தார்கள்: அறுவடைக்குக் கூலி தேடிப் போகும் ஸ்பால்பீன்கள், வீட்டு வீடாகத் தங்கித் துணி தைத்த தையற்காரர்கள், நடன வாத்தியார்கள், ஊசி நூல் விற்கிறவர்கள், அடுப்போரம் வைக்கோல் விரித்துப் படுக்க இடம் கேட்கும் பிச்சைக்காரர்கள். 1930-களில் அவர்களில் பெரும்பாலோர் மறைந்துபோயிருந்தார்கள். மிஞ்சி நின்றவர்கள் குடும்பம் குடும்பமாகச் சாலையிலேயே வாழ்ந்த தகரவேலைக்காரர்கள். அன்று அவர்களை அழைத்த பெயர் இன்று வசவு. இன்றைய பெயர் டிராவலர்கள், தங்களுக்குள் மின்சேர். அவர்களுக்கென்று கான்ட் என்றும் கேமன் என்றும் சொல்லும் தனி மொழி உண்டு. பஞ்சத்தில் நிலமிழந்து தெருவுக்கு வந்தவர்கள் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். 2017-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அவர்கள் மற்ற ஐரிஷ் மக்களிடமிருந்து பிரிந்தது ஏறக்குறைய 360 ஆண்டுகளுக்கு முன்பு என்று காட்டியது. பஞ்சத்துக்கு மிகவும் முந்தியது அது.

தகரவேலை செய்வதை ஓர் அருங்காட்சியகச் செயல்விளக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தரையில் குத்தி நிறுத்திய சின்னப் பட்டறைக் கம்பு. தகரத் தகட்டைக் கத்தரியால் வெட்டி, அதன் மேல் வைத்துச் சுத்தியலால் செல்லமாகத் தட்டித் தட்டி உருட்டுகிறார். இரண்டு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்துப் பூட்டுகிறார். நெருப்பில் சுட்ட இரும்பால் குங்கிலியம் தொட்டு ஈயத்தை ஓடவிட்டதும் மூட்டு பளபளவென்று மூடிக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றிக் காட்டினார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தக் குவளையில்தான் ஊரே தேநீர் குடித்தது, அந்தக் கேனில்தான் பால் போயிற்று. பிளாஸ்டிக் வந்து இந்தத் தொழிலைக் கொன்றது 1950-களுக்குப் பிறகு. ஓட்டை வாளியை இவர்களிடம் கொடுத்து அடைத்து வாங்காத பண்ணை வீடு கிடையாது என்றே சொல்லலாம்.

ஆனாலும் பக்கங்களில் பயம் தெரிகிறது. வந்தால் கோழியைப் பார்த்துக்கொள், வெறுங்கையோடு அனுப்பினால் சாபம் விடுவார்கள், சண்டை போடுவார்கள். ஒரு பழங்கதையும் உண்டு. மாதாவின் மேலாடை ஊசி தொலைந்துபோக, தகரவேலைக்காரனிடம் கேட்டாளாம், அவன் மறுத்துவிட்டான். கொல்லன் செய்துகொடுத்தான். அதனால் கொல்லனுக்கு வீடும் மரியாதையும், தகரக்காரனுக்கு என்றைக்கும் தெருவும். இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கசக்கும். ஒருவனுடைய வீடில்லாமையை அவன் பாட்டன் செய்த பாவத்தில் கட்டிவிட்டால், கதவைச் சாத்துகிறவனுக்குக் குற்ற உணர்ச்சி வராது.

இரண்டு தலைப்புப் பக்கங்களையும் மாறி மாறித் தட்டச்சு செய்ததில் எனக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது. பிள்ளைகள் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். தகைவிலான் எப்போது வரும், எங்கே தங்கும், வந்தால் என்ன அர்த்தம்? டிராவலர் குடும்பம் எப்போது வரும், எங்கே தங்கும், வந்தால் என்ன எச்சரிக்கை? இருவரையும் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் மீது பிழை சொல்ல மாட்டேன், கேள்விகளே அப்படித்தான் வார்க்கப்பட்டிருந்தன. தகைவிலானிடம் கேட்க முடியாது. சாலையோரம் கூடாரம் போட்டிருந்த பாட்டியிடம் கேட்டிருக்கலாம்.

யோசித்துப் பாருங்கள், அன்றைய அயர்லாந்தில் வானிலையைத் தோலோடு அறிந்தவர்கள் யார்? ஹேசல் கொம்புகளை வளைத்து நட்டு, மேலே கேன்வாஸ் துணி போர்த்திய கூடாரத்தில் கைக்குழந்தையோடு டிசம்பர் இரவைக் கழித்தவர்கள். எந்தப் பக்கம் வாசல் வைத்தால் தென்மேற்குக் காற்று உள்ளே வராது, எந்த வேலி மறைக்கும், எந்தப் பள்ளத்தில் இரவோடு தண்ணீர் ஏறும், குதிரை எப்போது காற்றுக்கு முதுகைக் காட்டும் என்பதெல்லாம் தெரியாமல் அவர்கள் ஒரு குளிர்காலம் கூடத் தாண்டியிருக்க முடியாது. வீட்டுக்காரரின் குறிகளில் பாதி அடுப்பிலிருந்து வருகின்றன: கரி, நீலத் தீ, பூனை, சுவர்க்கோழி, வியர்க்கும் தரைக்கல். அடுப்பும் கல்தரையும் இல்லாதவருக்கு வேறு குறிகள் இருந்திருக்க வேண்டும். நான் படித்த பக்கங்களில் அவை இல்லை. டிராவலர் பிள்ளைகளில் பெரும்பாலோர் அன்று பள்ளிக்குப் போகவில்லை, ஆகவே அந்த 7,40,000 பக்கங்களை எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் வீட்டுப் பிள்ளைகள். 1952-இல் ஆணையம் இவர்களைப் பற்றியே தனியாக ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. அதுவும் போனது ஊர்க்காரர்களுக்குத்தான்.

ஆணையம் நேரில் போய்ப் பதிவு செய்த ஒரு டிராவலரை இங்கே இசை தெரிந்த எல்லோருக்கும் தெரியும்: ஜானி டோரன். விக்லோ கவுன்டியில் பிறந்தவர். முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இல்லன் பைப் அவர் வாத்தியம். வசந்தம் வந்ததும் குதிரை வண்டியில் குடும்பத்தோடு கிளம்பி, சந்தைகளிலும் குதிரைப் பந்தயங்களிலும் வாசித்துக்கொண்டு மேற்கே போவார். கிளேரில் அவர் வாசிப்பைக் கேட்டுத்தான் வில்லி கிளான்சி அந்த வாத்தியத்தின் பக்கம் வந்தார். பிற்காலத்தில் அந்த நாடே கொண்டாடிய கலைஞர் கிளான்சி. 1947-இல் கெவின் டானஹர் ஆணையத்துக்காக டோரனின் வாசிப்பைத் தட்டுகளில் பதிந்தார். நல்லவேளை பதிந்தார். 1948-இன் தொடக்கத்தில் டப்ளினில் குடும்பம் ஒரு காலிமனையில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, பலத்த காற்றில் பக்கத்துச் சுவர் இடிந்து வண்டியின் மேல் விழுந்தது. டோரன் முடமாகி, 1950 ஜனவரியில் இறந்தார். அந்தப் பதிவைக் கேட்டால் ஓயாமல் உருளும் சக்கரம் மாதிரி ஸ்வரங்கள் ஓடுகின்றன. காற்று அவரைக் கொண்டுபோன விதம் தெரிந்த பிறகு என்னால் அதை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்க முடிவதில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963-இல் வந்த அரசு அறிக்கை இவர்களைத் தீர்க்க வேண்டிய பிரச்சினையாகப் பார்த்தது, ஊர்மக்களோடு கரைத்துவிடுவதே வழி என்றது. 2002-இல் ஒரு சட்டம், அனுமதியில்லாமல் வண்டி நிறுத்துவதைக் குற்றமாக்கியது. 2017 மார்ச் 1 அன்றுதான் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் டிராவலர்களைத் தனி இனக்குழுவாக அங்கீகரித்து அறிவித்தார். 2019-இல் தகரவேலையும் கான்ட் மொழியும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறின. 2022 மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் 32,949 பேர்.

2025 ஜனவரி 24 அன்று ஏவின் புயல் வந்தபோது நாங்கள் கால்வேயில் இருந்தோம். இந்தக் கவுன்டியின் மேஸ் ஹெட் முனையில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டி, 1945 முதல் நின்ற சாதனையை முறித்தது. கைப்பேசியில் சிவப்பு எச்சரிக்கை: வீட்டுக்குள்ளேயே இருங்கள். விடியும் முன்பே மின்சாரம் போய்விட்டது. கூரை ஓடுகள் தடதடக்கும் சத்தத்தில் குழந்தையைச் சுவரோரம் படுக்கவைத்து உட்கார்ந்திருந்தபோது, ஊர் விளிம்பில் கேரவன்களில் இருக்கிற குடும்பங்களுக்கு அந்த எச்சரிக்கை என்ன சொல்லுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இரு என்றால், எதற்குள்ளே?

இப்போது டிராவலர் சமூகத்தவரே தங்கள் கதைகளைத் தொகுத்து அச்சிடத் தொடங்கியிருக்கிறார்கள். அது சரியான இடத்திலிருந்து வரும் வேலை. வெளியிலிருந்து வந்த எனக்கு அதில் கேட்கும் உரிமைதான் உண்டு. கேட்டால் என்ன கேட்பேன் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். கூடாரத்தின் வாயை எந்தத் திசைக்கு வைப்பீர்கள்? கிளம்ப வேண்டிய இரவை எது சொல்லும்: குதிரையா, கேன்வாஸின் சத்தமா, மண்ணின் வாசனையா? பெருங்காற்று இரவைப் பற்றி உங்கள் பக்கத்தில் என்ன கதை சொன்னார்கள்? எந்த வீட்டுக் கதவு மழையில் திறந்தது, எது திறக்கவில்லை? கூடாரத்திலும் வண்டியிலும் பிறந்து வளர்ந்த கடைசித் தலைமுறை இன்று முதுமையை எட்டிவிட்டது. டிராவலர்களின் ஆயுள் மற்ற ஐரிஷ் மக்களைவிடப் பல ஆண்டுகள் குறைவு என்பதால், கேட்பவர்கள் சீக்கிரம் போய்க் கேட்க வேண்டும்.